புகைமூட்டம் கலைந்த பிறகு காற்றில் மிச்சம் என்ன?

2015 செப்டம்பர் 25ஆம் தேதி, புகைமூட்டத்தால் சிங்கப்பூரில் தொடக்கப் பள்ளிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் மூடப்பட்டன. தொடக்கநிலை 4ல் படித்த எனக்கு அது எதிர்பாராத விடுமுறை. ஆஸ்துமா உள்ள என் தம்பிக்கோ, சன்னல்களைச் சாத்திய வீட்டுக்குள் இன்ஹேலரும் கையுமாகக் கழிந்த நாள். “எல்லாம் பக்கத்து நாட்டுப் புகை” என்று பாட்டி பெருமூச்சு விட்டார். பிறகு மழை வந்தது, புகை கலைந்தது. பிஎஸ்ஐ எண்ணைப் பார்ப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். தம்பியின் பள்ளிப் பையில் இன்ஹேலர் மட்டும் அப்படியே இருந்தது.

இப்போது பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கும் எனக்கு, அன்று கேட்காத ஒரு கேள்வி எழுகிறது. புகை இல்லாத மாதங்களில் நாம் எதைச் சுவாசிக்கிறோம்?

பிஎஸ்ஐ ஆறு மாசுப்பொருள்களை அளக்கிறது. அவற்றுள் எதன் குறியீடு அதிகமோ அதுவே நாம் பார்க்கும் எண். மாசு எவ்வளவு என்பதை அது சொல்லும். அந்த மாசு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. அதற்குக் காற்றில் மிதக்கும் நுண்துகள்களை, அதாவது ஏரோசோல்களை, வகை பிரிக்க வேண்டும்.

நம் வட்டாரத்தில் இத்துகள்கள் பருவக்காற்றோடு மாறுகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, சுமத்ரா, கலிமந்தான் பகுதிகளில் எரியும் கரிமண் நிலங்களின் புகையைச் சுமந்து வரக்கூடும். எல் நினோ ஆண்டான 2015ல் வறட்சி நீண்டதால் புகையும் நீண்டது. டிசம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் உப்புத் துகள்களைக் கொண்டுவருகிறது. மழை பல துகள்களைக் கழுவிவிடுகிறது. ஆனால் வாகனம், கப்பல், மின்நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஆகியவற்றின் மாசுக்குப் பருவம் கிடையாது.

வகை பிரிப்பது எப்படி? நாசாவின் ஏரோநெட் கட்டமைப்பில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சூரிய ஒளிமானிகள் உள்ளன. சூரிய ஒளியைத் துகள்கள் எவ்வளவு தடுக்கின்றன என்பதை அவை பல நிறங்களில் அளக்கின்றன. மிகச் சிறிய துகள்கள் சிவப்பைவிட நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். கடல் உப்பு, மண்தூசி போன்ற பெரிய துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் தடுக்கும். இந்த வேறுபாட்டைக் குறிக்கும் எண்ணுக்கு ஆங்ஸ்ட்ரம் அடுக்கெண் என்று பெயர். அது சுழியத்தை நெருங்கினால் பெரிய துகள்கள். 1ஐத் தாண்டினால் பெரும்பாலும் நுண்துகள்கள்.

இங்கேதான் சிக்கல். கரிமண் புகையும் நுண்துகள், வாகனப் புகையும் நுண்துகள். அளவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. மேகம் மறைத்தால் கருவியால் சூரியனைப் பார்க்கவும் முடியாது. நம் ஈரக்காற்றில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்தும்விடும். அதனால் ஆய்வாளர்கள் வேறு சாட்சிகளையும் தேடுகிறார்கள். செடிகொடிகளில் உள்ள செல்லுலோஸ் எரியும்போது லெவோகுளுக்கோசான் என்ற வேதிப்பொருள் உண்டாகிறது. பெட்ரோல், டீசல் புகையில் அது கிடையாது. காற்று வந்த பாதையையும் துணைக்கோளம் காட்டும் தீப்புள்ளிகளையும் இதோடு ஒப்பிட்டால் விடை தெளிவாகும்.

இது ஆய்வுக்கூடத்துக்குள் முடிந்துவிடும் கேள்வியல்ல. சிங்கப்பூரின் 2014ஆம் ஆண்டு எல்லை தாண்டிய புகைமூட்டச் சட்டம், வெளிநாட்டில் தீ மூட்டிப் புகையை ஏற்படுத்தும் நிறுவனங்களுக்கும் ஒரு நாளுக்கு 100,000 வெள்ளி, மொத்தம் 2 மில்லியன் வெள்ளி வரை அபராதம் விதிக்க வழிவகுக்கிறது. துணைக்கோளத் தகவலும் காற்றின் திசையும் அதற்குச் சான்றாகலாம். புகை எங்கிருந்து வந்தது என்று காட்ட முடிந்தால்தான் பொறுப்பு யாருடையது என்று கேட்க முடியும்.

அதே கேள்வியை மற்ற மாதங்களில் நம்மிடமும் கேட்க வேண்டாமா? உலகச் சுகாதார நிறுவனம் 2021ல் பிஎம் 2.5 துகள்களுக்கான ஆண்டு வரம்பை, ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5ஆகக் குறைத்தது. சிங்கப்பூர் இன்னும் அந்த வரம்பை எட்டவில்லை. டீசலில் ஓடும் புதிய கார்களும் டாக்சிகளும் 2025 முதல் இங்கே பதிவு செய்யப்படுவதில்லை. 2040க்குள் எல்லா வாகனங்களும் தூய எரிசக்திக்கு மாற வேண்டும் என்பது இலக்கு. இவை நம் வீட்டுக் குப்பையை நாமே கூட்டும் முயற்சிகள். புகைமூட்ட மாதங்களில் காட்டும் அக்கறையில் பாதியையாவது இவற்றுக்கும் காட்டலாம்.

தம்பியின் மூச்சிரைப்புக்கு இந்தத் துகள்கள்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சளி, வீட்டுத்தூசி என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் பாட்டியிடம் இன்று ஒன்று சொல்வேன்: “பக்கத்து நாட்டுப் புகை உண்மைதான் பாட்டி. ஆனால் எல்லாம் அது இல்லை.”

அடுத்த முறை கைப்பேசியில் பிஎஸ்ஐ எண்ணைப் பார்க்கும்போது, காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்றும் பாருங்கள். ஜனவரியிலும் பாருங்கள்.