அந்த நோட்டு யாரிடம்?

அண்மையில் அக்கா மகளை டெல்லிக்கு ரயிலேற்றிவிடத் திருப்பதி ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். புத்தாக்கக் கொள்கையில் அவளுடைய ஓராண்டுப் பயிற்சி முடிந்துவிட்டது. பெட்டியில் ஒரு சான்றிதழும் வழவழ அட்டை போட்ட அறிக்கையும் இருந்தன. தோள்பையில் முனை மடங்கிய ஒரு கோடு போட்ட நோட்டு. அறிக்கையைச் சும்மா புரட்டினேன். நோட்டைத்தான் வண்டி கிளம்பும்வரை கீழே வைக்க முடியவில்லை.

2025 ஜூனில் எழுதிய பக்கங்கள் அவை. சித்தூர்ப் பக்கத்து ஜூஸ் ஃபேக்டரி வாசல்களில் மாங்காய் டிராக்டர்கள் நாள்கணக்கில் நின்ற மாதம். டோக்கன் எந்த நேரத்தில் கொடுக்கிறார்கள், காத்திருக்கும் வண்டிக்கு வாடகை எப்படி ஏறுகிறது, அடியில் கிடக்கும் காய் எத்தனையாவது நாளில் நசுங்கித் தாரில் சாறு ஒழுகுகிறது என்று எல்லாம் பென்சிலில் இருந்தது. முந்தைய ஆண்டின் கூழே விற்காமல் ஆலைகளில் தேங்கிக் கிடந்தது. ஆலை கிலோவுக்கு 8 ரூபாய் தரட்டும், மேலே 4 ரூபாய் நாங்கள் தருகிறோம் என்றது ஆந்திர அரசு. வெளிமாநிலக் காய் சித்தூருக்குள் வரக்கூடாது என்று தடை வந்தது. கர்நாடக முதல்வர் சித்தராமையா சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போயிற்று விவகாரம்.

நாம் கிளிமூக்கு என்கிற தோத்தாபுரிதான் இங்கே பெரும்பயிர். அதை வாங்க ஜூஸ் ஃபேக்டரியை விட்டால் பெரிதாக ஆளில்லை. அந்த ஃபேக்டரிக்கும் சீசன் சில வாரம்தான். மரத்தை வெட்டி வேறு ரகம் ஒட்டலாம், ஆனால் மறுபடி காய்க்கும்வரை வீட்டுச் செலவுக்கு யார் பணம் தருவார்கள்? புத்தாக்கம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. அறிக்கையில் இதற்குக் கிடைத்தது ஒரு பத்தி. மீதியெல்லாம் ஸ்டார்ட்-அப், காப்புரிமை, இன்குபேட்டர். அவளைக் குறை சொல்ல மாட்டேன். கொடுத்த படிவத்தில் இருந்த கட்டங்கள் அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளத் திருப்பதியில் நிறுவனங்களுக்குக் குறைவில்லை. ஏர்ப்பேடு பக்கம் ஐஐடி இருக்கிறது, ஐஸர் இருக்கிறது, இரண்டும் 2015-இல் தொடங்கியவை. ரத்தன் டாடா புத்தாக்க மையத்தின் கிளை ஒன்றும் திருப்பதிக்கு ஒதுக்கப்பட்டது. 2017 ஜனவரியில் வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் நடந்த அறிவியல் மாநாட்டில்தான், 2030-க்குள் அறிவியலில் உலகின் முதல் மூன்று நாடுகளில் ஒன்றாவோம் என்றார் பிரதமர். ஆராய்ச்சிக்கு நாடு செலவிட்டதோ, 2020-21 கணக்குப்படி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான்.

பிள்ளைகள் ஊரை விட்டுப் போகிறார்களே என்ற புலம்பலில் எனக்குப் பங்கில்லை. சித்தூர்க்காரரான கல்லா ராமச்சந்திர நாயுடு அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பித்தான் 1985-இல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். போவதும் வருவதும் நடக்கட்டும். ஓராண்டு அவளை ஊர் ஊராக அனுப்பிய அலுவலகம், அவள் போகும்போது அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு நோட்டை விட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. அடுத்து வருகிற பையன் அதே தோப்புக்குப் போவான், அதே கேள்வியைக் கேட்பான். போன வருஷமே சொன்னோமே என்று விவசாயி அலுத்துக்கொள்வார். மூன்றாவது ஆள் வரும்போது பேசவே மாட்டார்.

ஊர் விவரம் ஓர் ஆளோடு போய்விடுவது இந்தப் பக்கத்துக்குப் பழகிய கதைதான். 1984-இல் ஆந்திராவில் என்.டி. ராமராவ், ஊர்க் கணக்கு எழுதிய பரம்பரைக் கரணம், முன்சீப் பதவிகளை ஒழித்தார். 1980-இலேயே எம்.ஜி.ஆர் தமிழ்நாட்டில் கணக்குப்பிள்ளைகளை அனுப்பியிருந்தார். இரண்டும் செய்ய வேண்டியவையே; ஊர்க் கணக்கு ஒரு குடும்பத்தின் சொத்தாக இருக்கக்கூடாது. இன்று அது பயிற்சியாளரின் தோள்பையில் இருக்கிறது. கரணமாவது அதே தெருவில் இருந்தார், போய்க் கேட்கலாம்.

அமெரிக்காவில் அறிவியலாளர்களை நாடாளுமன்ற, அரசு அலுவலகங்களில் ஓராண்டு உட்காரவைக்கும் திட்டம் 1973 முதல் நடக்கிறது. ஆண்டு முடிந்ததும் அங்கேயே வேலையில் சேர்பவர்கள் உண்டு. இங்கே அந்தக் கதவு எளிதில் திறக்காது. இட ஒதுக்கீட்டைத் தாண்டித் திறக்கவும் கூடாது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசின் 45 பதவிகளுக்கான நேரடி நியமன விளம்பரம் மூன்றே நாளில் திரும்பப் பெறப்பட்டது அதனால்தான். நான் கேட்பது வேலை அல்ல. போகிறவரும் வருகிறவரும் ஒரு மாதம் சேர்ந்து தோப்புக்குப் போகட்டும். எழுதியதைத் தெலுங்கிலும், நகரி, சத்தியவேடு பக்கம் தமிழிலும் சொன்னவர்களுக்கே படித்துக் காட்டட்டும். நோட்டு கலெக்டர் அலுவலகத்தில் ஒரு பீரோவில் இருக்கட்டும்.

வண்டி நகர்ந்தபோது அவள் ஜன்னல் வழியாக அந்த நோட்டை என் கையில் திணித்தாள். எங்கள் வீட்டு அலமாரியில், ரேஷன் கார்டுக்குக் கீழே இருக்கிறது. இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.