மறுக்கும் உரிமையும் மெய்ப்பிக்கும் சுமையும்

ஓர் உரிமையைப் பற்றி ஆராய்வோர் அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் எழுதப்பட்டுள்ளது என்றே பெரிதும் வினாவுவர். அவ்வுரிமையைப் பயன்படுத்த முனையும்போது மெய்ப்பிக்கும் சுமை எவர்மேல் ஏற்றப்படுகின்றது என வினாவுவோர் சிலரே. ஆயின், உரிமையின் உயிர்நிலை இவ்விரண்டாம் வினாவிலேயே தங்கியுள்ளது. உயிரைத் தாங்கி நிற்கும் சிகிச்சையை மறுக்கும் உரிமைக்கு நேர்ந்த கதி இதற்குத் தக்க சான்றாகும்.

செயற்கைச் சுவாசக் கருவியும் இரைப்பையினுட் செலுத்தப்படும் உணவுக் குழாயும் மருத்துவ அறிவியலின் அரிய பேறுகள் என்பதில் ஐயமில்லை. எனினும் அவை மனித உடலின் மீது நிகழ்த்தப்படும் செயல்கள் என்பதை மறத்தலாகாது. தெளிந்த சித்தமுடைய வயதுவந்த எவரும் தம் உடலுக்கு என்ன செய்யப்படவேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமையுடையர் என 1914 இல் நியூயோர்க் நீதிபதி கார்டோசோ எடுத்துரைத்தார். இசைவின்றித் தொடும் வைத்தியன், அவன் நோக்கம் நல்லதாயினும், தவறிழைத்தவனே. “வேண்டாம்” என்று கூற இயலாத இடத்தில் “ஆம்” என்று கூறுவதற்கும் பொருளில்லை.

இக்கோட்பாடு அரசியலமைப்பின் உரைகல்லில் தேய்க்கப்பட்டது குரூசன் வழக்கிலேயாகும். 1983 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வீதி விபத்தொன்றில் இருபத்தைந்து வயதுப் பெண்ணொருவர் மூளைக்குப் பிராணவாயு இன்றி உணர்விழந்தார். உணவுக் குழாயினால் அவர் உடல் பல்லாண்டு பேணப்பட்டது. அவர் உணர்வு மீளாது என்பதை உணர்ந்த பெற்றோர் அக்குழாயை அகற்றுமாறு வேண்டினர். வைத்தியசாலை மறுத்தது. விசாரணை நீதிமன்றம் 1988 இல் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. மாநில உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் அதனைத் தள்ளியது. 1990 ஜூன் 25 இல் நாட்டின் உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று, மாநிலத்தின் நிலைப்பாட்டையே ஏற்றது.

பிரதம நீதியரசர் றெங்க்விஸ்ற் எழுதிய அத்தீர்ப்பு ஒரு கையாற் கொடுத்து மறுகையாற் பறிப்பதாகும். சித்தத் தெளிவுள்ளவருக்குச் சிகிச்சையை மறுக்கும் சுதந்திரம் அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தத்தின் காப்பில் உண்டென அது கொண்டது. அடுத்த படியிலேயே, உணர்விழந்தவரின் விருப்பம் இதுவே எனத் “தெளிவானதும் நம்பத்தக்கதுமான” சான்றால் மெய்ப்பிக்குமாறு மாநிலம் கோரலாம் என்றது. சிகிச்சையைத் தவறாகத் தொடர்ந்தால் பின்னர் திருத்தலாம். தவறாக நிறுத்தினால் திருத்த முடியாது என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம்.

இந்நியாயம் போலியானது. ஒருவர் விரும்பாத நிலையில் அவர் உடலைப் பல்லாண்டு கிடத்தி வைத்தபின் அவ்வாண்டுகளை எவர் மீட்டளிப்பார்? மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதியரசர் பிறெனன் இதனையே சுட்டினார். இரு பக்கத் தவறுகளும் மீளாதவையாயிருக்க, ஒரு பக்கத் தவற்றை மட்டும் தவறெனக் கருதுவது நடுநிலையன்று.

பின்னர் நிகழ்ந்ததும் மனங்கொளத்தக்கது. அப்பெண்ணின் முன்னாள் உடன்பணியாளர் சிலர் அவர் முன்பு கூறிய சொற்களை நினைவுகூர்ந்து முன்வந்தனர். மாநிலம் வழக்கிலிருந்து விலகிக்கொண்டது. 1990 டிசெம்பரில் குழாய் அகற்றப்பட்டது. அம்மாதம் 26 ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அவர் உடல்நிலை மாறவில்லை. அரசியலமைப்பின் ஒரு சொல்லும் மாறவில்லை. மாறியது சிலரின் நினைவு மட்டுமே. எப்போதோ பேசிய பேச்சைக் கேட்டவர் எவரும் எஞ்சாதிருந்தால் அவர் உரிமை என்னவாகியிருக்கும்? இவ்வாறு தற்செயலைச் சார்ந்து நிற்பதை உரிமை என்று அழைக்கலாமா?

இம்மறுப்பைத் தற்கொலை என்பாரும் உளர். உண்ண மறுத்து இறப்பதற்கும் துப்பாக்கியால் இறப்பதற்கும் சட்டத்தில் வேறுபாடில்லை என்ற கருத்துப்பட நீதியரசர் ஸ்காலியா எழுதினார். தமிழறிந்தார் சிலர் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை இங்கு நினைவூட்டவும் கூடும். அவ்வொப்புமை பொருந்தாது. சோழன் சாவைத் தேடிச் சென்றான். நோயாளியோ சாவைத் தேடுபவரல்லர். தம் உடலில் ஒரு கருவி புகுவதையே மறுப்பவர். அவரைக் கொல்வது நோய்; அவர் மறுப்பு அந்நோய்க்கு வழிவிடுகின்றது, அவ்வளவே.

மற்றொரு தடை வலுவானது. அதனைப் புறக்கணித்தல் நேர்மையன்று. வறியவர் தம் குடும்பத்துக்குச் சுமையாகாதிருக்கவே மறுப்பர். பேராசை கொண்ட உறவினர் விரைந்து மறுப்பர் என்பது அது. உண்மைதான். ஆயின் வறுமையால் எழும் மறுப்புக்கு மருந்து இலவச வைத்தியமும் பராமரிப்புமேயன்றிக் கட்டாயக் குழாயன்று. உறவினரின் தீய நோக்குக்கு மருந்து, வழக்கிற் சம்பந்தமற்ற வைத்தியர்களின் ஆய்வேயன்றி நோயாளியின் வாயை அடைப்பதன்று.

இந்தியாவின் அனுபவம் இதனையே வேறொரு கோணத்திற் காட்டுகின்றது. கண்ணியத்துடன் இறக்கும் உரிமை வாழ்வுரிமையின் கூறென 2018 மார்ச் 9 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்கூட்டியே எழுதி வைக்கும் விருப்ப ஆவணத்தையும் ஏற்றது. அதே தீர்ப்பு அவ்வாவணத்தில் நீதவான் ஒருவரும் ஒப்பமிடவேண்டும் என விதித்தது. நடைமுறையில் இவ்விதி உரிமைக்கு விலங்காயிற்று. 2023 ஜனவரியில் அந்நீதிமன்றமே அதனைத் தளர்த்தி, நொத்தாரிசு அல்லது வர்த்தமானி அறிவித்தல் பெற்ற அலுவலர் ஒருவரின் சான்று போதுமென்றது. ஐந்தாண்டுகள் உரிமை ஏட்டிலிருந்தது. மக்கள் கைக்கு எட்டவில்லை.

எம் நாட்டின் நிலை யாது? 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் வாழ்வுரிமை என்ற சொல்லே இல்லை. 2003 இல் உயர் நீதிமன்றம் 13(4) ஆம் உறுப்புரையிலிருந்து அவ்வுரிமையை உய்த்துணர்ந்தது. கொடிய, மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்துகையை 11 ஆம் உறுப்புரை தடுக்கின்றது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவும் 1998 இல் நீக்கப்பட்டது. இவற்றினின்று மறுக்கும் உரிமையைக் கட்டியெழுப்புதல் இயலும். நாம் அஞ்சவேண்டியது உரிமை மறுக்கப்படுவதற்கு மட்டுமன்று. மிசூரியிற் போல அது வழங்கப்பட்டுப் பயனற்றதாக்கப்படுவதற்குமாகும்.

ஆகவே எமது கோரிக்கை தெளிவானது. தெளிந்த சித்தத்துடன் ஒருவர் மறுப்பாராயின் அதுவே முடிவு. அவர் பேசவியலாதவராயின், அவரை நன்கறிந்தோர் கூறும் அவரது வாழ்க்கை நோக்கும், நோய் மீளாது எனச் சம்பந்தமற்ற வைத்தியர் தரும் கருத்தும் போதும். அதற்கு மேலும் சிகிச்சையைத் தொடர விரும்பும் அரசே, ஏன் தொடரவேண்டும் என்பதை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டது. உடல் நோயாளியினது, அதனுள் நுழைய விழைபவரே காரணம் காட்டவேண்டும். சட்டத்தை எழுதுவோரும் அதற்குப் பொருள் கூறுவோரும் இச்சுமையை உரிய தோளில் ஏற்றுவார்களாக.