மீந்த மாத்திரை பதினான்கு



சென்ற பள்ளி விடுமுறையில் பாலம் கடந்து, மார்சிலிங்கில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடம் அது. இன்று அடுக்குமாடி வீடுகள். நான் புறப்படும் நாளில் தங்கை ஒரு மருந்துப் பொட்டலத்தை என் பையில் வைத்தாள்.

"தம்பிக்கு டான்சில் வீங்கி, டாக்டர் கொடுத்த மருந்து அக்கா. மூணு நாள்லேயே காய்ச்சல் விட்டுப் போச்சு. மீதியை எடுத்துட்டுப் போங்க, தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு ஆகும்" என்றாள்.

எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 20 மாத்திரைகள். காலை ஒன்று, இரவு ஒன்று, 10 நாளுக்கு. பையன் விழுங்கியது 6. மீதி 14. கொடுக்கும் மனசு நல்ல மனசுதான். ஆனால் இந்தக் கொடையில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன.

முதல் ஆபத்து, கொடுப்பவர் பிள்ளைக்கு. டான்சிலில் சீழ் வைக்கும் கிருமிகளில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ். மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும், வலி குறையும். கிருமி முழுவதும் அழிந்துவிட்டதாக அதற்குப் பொருள் அல்ல. மிச்சம் இருந்தால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுகள் வீங்கி, ருமாட்டிக் காய்ச்சல் வரும். அது இதய வால்வைக் கெடுத்துவிடும். முன்பு என் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்தான். மற்றவர்கள் திடலில் ஓடும்போது அவன் மரத்தடியில் உட்கார்ந்திருப்பான். தொண்டை நோவு கண்ட 9 நாளுக்குள் சரியான மருந்தைத் தொடங்கினாலும் அந்தக் கேட்டைத் தடுக்கலாம் என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை.

இரண்டாவது ஆபத்து, வாங்குபவர் பிள்ளைக்கு. தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் இருந்தால் அநேகமாக அதுதான். அதற்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. வெதுவெதுப்பான உப்புநீர்க் கொப்பளிப்பும் ஓய்வும் போதும். இருமல் இல்லாமல் கடும் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் புள்ளிகள், கழுத்தில் வலிக்கும் நெறிகட்டி என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். தொண்டையைத் துடைத்துச் சோதிப்பதும் உண்டு.

அளவிலும் கணக்கு இருக்கிறது. அமாக்ஸிசிலின் என்றால், இந்த நோய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் நாளுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. 12 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 600. 20 கிலோ பிள்ளைக்கு 1,000. ஒருவர் மாத்திரை மற்றவருக்குப் பொருந்தாது என்பது இதிலேயே தெரிகிறதல்லவா? பென்சிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு. உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சுகூட அடைக்கும். அளவையும் நாளையும் டாக்டர்தான் முடிவு செய்வார். வழக்கமாக 10 நாள். சில மருந்துக்கு 5 நாள்.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலி கண்ட ஒருவர் தாமே பென்சிலின் வாங்கிக் குறைவாக உட்கொள்கிறார். சாகாத கிருமி மருந்தைத் தாங்கப் பழகிவிடுகிறது. அது மனைவிக்குத் தொற்றுகிறது. அவருக்கு மருந்து பலிக்காமல் இறந்துவிடுகிறார். நல்லவேளையாக, இந்தத் தொண்டைக் கிருமி இன்றுவரை பென்சிலினுக்கு அடங்கியே இருக்கிறது. ஆனால் வேறு பல கிருமிகள் அவர் அஞ்சியபடியே பழகிவிட்டன. தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் நம் வயிற்றில் இருக்கும் கிருமிகளுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறது.

ஆகவே தாய்மார்களே, சிரப் என்றால் சமையல் கரண்டியால் ஊற்றாமல், உடன் தரும் அளவுக் கரண்டியால் கொடுங்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டு மடங்காகக் கொடுக்க வேண்டாம். காய்ச்சலுக்குப் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் ஆகாது, பாராசிட்டமால் போதும். எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தாலோ, வாய் திறக்க வராவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பொட்டலத்தைத் தங்கை கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். "நல்ல காலம், இன்னும் நாலாம் நாள்தான். தம்பியைக் கூப்பிடு" என்றேன். காலையில் விட்டுப்போன மாத்திரையை அவன் முகம் சுளித்தபடி என் முன்னால் விழுங்கினான். பத்தாம் நாள் முடிந்ததும் தங்கை தொலைபேசியில் சொன்னாள்: "அக்கா, அட்டை காலி!"

தோட்டத்துக்கு அவள் அனுப்பிய நல்ல செய்தி அதுதான்.