கையோடு வந்த கைப்பிடி

எங்கள் படுக்கையறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி ஒரு வருடமாக ஆடிக்கொண்டிருந்தது. ஆடிக்கொண்டிருந்தது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. தொங்கிக்கொண்டிருந்தது. லேசாகத் தூக்கி, கதவோடு சேர்த்து அழுத்தி, அப்புறம் கீழே இறக்கினால் திறக்கும். எனக்கு அந்த வித்தை தெரியும். தங்கமணிக்குத் தெரியும். ஏழு வயதுப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். ஊரிலிருந்து வந்து பத்தே நாள் ஆகியிருந்த அம்மாவுக்குத் தெரியாது.

புனேயில் ஜூலை மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். துணி காயாது, உப்பு டப்பாவில் தண்ணீர், கதவெல்லாம் ஊதிப்போய் நிலையோடு மல்லுக்கட்டும். அப்படி ஒரு மழைநாள் மதியம். நாங்கள் இருவரும் ஆபீஸில், பெண் பள்ளிக்கூடத்தில். அம்மா அடுப்பில் பாலை சிம்மில் வைத்துவிட்டு, மாற்றுப்புடவை எடுக்க அறைக்குள் போயிருக்கிறார். ஜன்னல் வழியாக வந்த காற்று கதவைப் படாரென்று அறைந்து சாத்தியது. திறப்பதற்காக அம்மா கைப்பிடியைப் பிடித்து இழுத்திருக்கிறார். அது அப்படியே கையோடு வந்துவிட்டது.

திரும்பப் பொருத்திப் பார்த்திருக்கிறார். சும்மா சுற்றியிருக்கிறது. செல்போன் சமையலறை மேடையில் சார்ஜில்.

ஜன்னலுக்குப் போய்க் கூப்பிட்டிருக்கிறார். நாலாவது மாடி. இங்கேதான் எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை. அம்மா தினமும் அதே ஜன்னலில் நின்று தெருவை வேடிக்கை பார்ப்பவர். கீழே இருக்கும் வாட்ச்மேன் தினமும் நிமிர்ந்து பார்த்துக் கையாட்டுவார். அன்றும் ஆட்டினார். அம்மாவுக்குத் தெரிந்த ஹிந்தி மூன்று வார்த்தை: பானி, தூத், கித்னா. இதில் எதை வைத்து "உள்ளே மாட்டிக்கிட்டேன், அடுப்பு எரியுது" என்று சொல்வது? "கதவு, கதவு" என்று கத்தியிருக்கிறார். மழைச் சத்தத்தில் தமிழும் ஒன்றுதான், மராத்தியும் ஒன்றுதான்.

ஒன்றேகால் மணி நேரம். வெளியே போயிருந்த எதிர்வீட்டு காக்கு திரும்பி வந்து மாடி ஏறும்போது கருகல் வாடை அடித்திருக்கிறது. நல்ல வேளை, எங்கள் வீட்டு மாற்றுச்சாவி ஒன்று அவரிடம் உண்டு. திறந்து, அடுப்பை அணைத்து, படுக்கையறைக் கதவின் வெளிப்பக்கக் கைப்பிடியைத் திருகித் தோளால் ஒரு தள்ளு. திறந்துகொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கதவில் ஒரு குறையும் கிடையாது!

போனில் அம்மா சொன்னது: "ஒண்ணுமில்ல தம்பி, பாலுதான் போச்சு."

அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன். படுக்கையறைக் கதவு சாத்தாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் முக்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்குகிறார். மறுநாள் குளியலறை. தாழ்ப்பாள் போடாமல், பேத்தியைக் கூப்பிட்டு, "வெளியில நில்லு சாமி, பாட்டி வர்ற வரைக்கும் எங்கயும் போகாத" என்கிறார். எழுபத்திரண்டு வயதில் குளிக்கும்போது காவலுக்கு ஒரு குழந்தை. காரணம், பெற்ற மகனுக்கு ஒரு வருடமாக ஒரு சனிக்கிழமை கிடைக்கவில்லை.

சரி, ஏன் கிடைக்கவில்லை? யோசித்துப் பார்த்தால் நேரம் ஒரு காரணமே இல்லை. "வாடகை வீடுதானே" என்ற ஒரு வியாதி நம்மிடம் இருக்கிறது. வெளியூரில் குடும்பம் நடத்தும் தமிழர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உண்டு என்று அடித்துச் சொல்வேன். இந்த ஊரில் லீவ் அண்ட் லைசன்ஸ் என்று பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் போடுவார்கள். நான் அதே வீட்டுக்கு ஐந்து முறை போட்டிருக்கிறேன். ஐந்து முறையும், "எப்படியும் அடுத்த வருஷம் ஊர்ப்பக்கம் மாறிடுவோம், இதுக்கு எதுக்குச் செலவு" என்றே நினைத்தேன். ஒழுகும் குழாய்க்குக் கீழே வாளி, எரியாத சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சுவிட்ச், கழலும் கைப்பிடிக்கு ஒரு வித்தை. இப்படியே ஐந்து வருஷம் தற்காலிகமாக வாழ்ந்தாகிவிட்டது.

வீட்டு உரிமையாளர் நாக்பூரில் இருக்கிறார். போன வருஷமே வாட்ஸப்பில் படம் பிடித்து அனுப்பியிருந்தேன். கட்டைவிரல் வந்தது. அந்தக் கட்டைவிரலை ரசீது மாதிரி வைத்துக்கொண்டு பதினோரு மாதம் ஓட்டியிருக்கிறேன். "சொல்லியாச்சு, இனி அவர் பாடு." அம்மா மாட்டிக்கொண்டதற்கு மறுநாள், அவரைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கலாம் என்ற ஆவேசத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டத்தின் பின்னிணைப்பில், எந்தப் பழுது யார் பொறுப்பு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் கணக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், கதவு, அலமாரி, ஜன்னல் குமிழும் பூட்டும் மாற்றுவது குடியிருப்பவர் கணக்கு! ஒவ்வொரு மாநிலமும் ஏற்றுக்கொண்டு தனிச்சட்டம் போட்டால்தான் இது செல்லும். ஆனாலும் சண்டைக்குக் கிளம்பியவன் அந்த வரியைப் படித்துவிட்டு பேசாமல் போனை வைத்துவிட்டேன்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் (மதுரைக்காரர், கணக்கில் புலி) ஒத்துக்கொள்ளவே இல்லை. "அடுத்தவன் வீட்டுக்கு நாம ஏன் பித்தளை மாட்டணும்? இன்னைக்கு ஹேண்டில், நாளைக்கு டைல்ஸ்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சுவர் விரிசல், தண்ணீர்க் கசிவு என்று வந்தால் நானும் பைசா செலவழிக்க மாட்டேன், உரிமையாளர் கழுத்தைத்தான் பிடிப்பேன். ஆனால் கைப்பிடி அந்த ஜாதி இல்லை. குழாய் ஒழுகினால் தண்ணீர்தான் போகும். கைப்பிடி போனால் ஆள் உள்ளே. அதுவும் யார் என்று பாருங்கள். நம் வீட்டில் பகல் முழுக்கத் தனியாக இருப்பது யார்? ஊரிலிருந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போக வந்த அம்மாவோ, மாமனாரோ. பாஷை தெரியாது, பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது, கேஸ் வால்வு எந்தப் பக்கம் திரும்பும் என்பதுகூட நாம் சொல்லித்தான் தெரியும். அவர்களுக்கு டிவி ரிமோட் சொல்லிக்கொடுக்கிறோம், வீடியோ கால் சொல்லிக்கொடுக்கிறோம். "இந்தக் கதவைத் தூக்கி அழுத்தித் திறக்கணும்" என்று சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. நம் கைக்கு அது பழகிப்போய், பழுது என்பதே மறந்துவிடுகிறது.

திண்டுக்கல்லில் பிறந்தவன் நான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு எங்கள் ஊர்ப் பூட்டு. "பூட்டு ஊருல பொறந்த பயலுக்கு ஒரு கதவ ஒழுங்கா வச்சுக்கத் தெரியல" என்று அம்மா இரண்டு நாள் கழித்துச் சிரித்தார். (சிரித்ததே பெரிய ஆறுதல்.) ஆனால் எங்கள் பழைய வீட்டுக் கதவில் இந்த வம்பே கிடையாது. நாதாங்கி, கொண்டி, தாழ்ப்பாள் எல்லாம் கண்ணுக்கு நேரே இருக்கும். எது தேய்ந்தது, எது வளைந்தது என்று குழந்தைக்கும் தெரியும். இந்த ஃப்ளாட் கதவுகளில் சமாச்சாரம் முழுக்க மரத்துக்குள்ளே ஒளிந்திருக்கிறது. வெளியே தெரிவது பளபளவென்று ஒரு தகடும் பிடியும் மட்டும்.

அந்த சனிக்கிழமை மழையில் பதினோரு கிலோமீட்டர் ஸ்கூட்டர் ஓட்டி, ரவிவார் பேட் போஹ்ரி ஆளிக்குப் போனேன். ஹார்டுவேர் கடைகளாலேயே ஆன சந்து. கடைக்காரர் கேட்டார்: கைப்பிடிக் கம்பியின் நடுவிலிருந்து சாவித் துவாரத்தின் நடு வரைக்கும் எத்தனை மில்லிமீட்டர்? கதவின் தடிமன் என்ன? தகட்டின் நீளம்? மூன்றுக்கும் முழித்தேன். பழசைக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடி பதினோரு கிலோமீட்டர். உங்களுக்கு என் அறிவுரை இதுதான்: பழைய கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கதவின் தடிமனை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். முக்கியம் அந்த நடு-நடு அளவு. அது மாறினால் கதவில் புது ஓட்டை போட வேண்டி வரும், உரிமையாளரிடம் நிஜமாகவே பேச்சு வாங்குவீர்கள்.

பழசைப் பார்த்ததும் கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார்: "ஜிங்க்." ஜிங்க் கலவையில் வார்த்து மேலே முலாம் பூசியது. கையில் கனமாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடுவோம். உள்ளே 8 மில்லிமீட்டர் சதுரக் கம்பி நுழையும் ஓட்டை, வருஷக்கணக்கில் தேய்ந்து முக்கால் வட்டமாகியிருந்தது. அம்மா திரும்பப் பொருத்தியபோது சும்மா சுற்றியதன் காரணம் அதுதான். பிடியின் கழுத்துக்கு அடியில் கடுகு மாதிரி ஒரு திருகு இருக்கிறது. ஆரம்பத்திலேயே, ஆட ஆரம்பித்த முதல் வாரமே அதை முடுக்கியிருந்தால் இவ்வளவு தேய்ந்திருக்காது. அதற்கு வேண்டிய ஆலன் சாவி, புத்தக அலமாரி வாங்கியபோது இலவசமாக வந்து மூன்று வருஷமாக மேசை டிராயரில் தூங்குகிறது :-(

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒன்று வாங்கினேன். 780 ரூபாய். உருண்டைக் குமிழும் அதே அளவுக்குக் கிடைத்தது, பார்க்க இன்னும் லட்சணமாக இருந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். மூட்டுவலிக் கைக்கு உருண்டையைப் பிடித்துத் திருகுவது பெரும்பாடு. ஈரக்கை என்றால் வழுக்கும். நீளப் பிடி என்றால் முழங்கையால் அழுத்தினாலும் திறக்கும். நுனி கதவுப் பக்கமாக வளைந்திருந்தால் புடவைத் தலைப்பும் மாட்டாது.

அளவு ஒன்றாக இருந்தால் மாட்டுவது கஷ்டமே இல்லை. ஒரு ஸ்குரூ டிரைவர், இருபது நிமிடம். ஒன்றே ஒன்று: கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பத்து தடவை இயக்கிப் பாருங்கள். ஆர்வத்தில் உள்ளே நின்று சாத்திப் பார்த்தீர்கள் என்றால் அடுத்த கதை உங்களுடையது.

ஆனாலும் ஆசாரியை வரவழைத்தேன், கதவு உரசியதால். ராஜஸ்தான்காரர். கதவை இரண்டு தடவை ஆட்டிவிட்டு, "ஹேண்டில்மேல தப்பு இல்ல, கதவு வீங்கியிருக்கு, நீங்க கைப்பிடியைப் பிடிச்சு மல்லுக்கட்டுறீங்க" என்று ஹிந்தியில் சொன்னார். கதவின் மேல்விளிம்பில் பில்டர் பெயிண்டே அடிக்கவில்லை, பச்சை மரம். ஈரம் அங்கே இறங்கி, மழைக்கு மழை ஊதியிருக்கிறது. உரசும் மூலையை மட்டும் கொஞ்சம் இழைத்தார். இன்னும் இழைக்கச் சொன்னதற்கு, வெயில் வந்தால் கதவு சுருங்கும், அப்புறம் சந்து விழும் என்று மறுத்துவிட்டார். மழை விட்டுக் காய்ந்ததும் விளிம்புக்கு வார்னிஷ் அடிக்கச் சொல்லி, 400 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். இரண்டும் சேர்த்து ஆயிரத்து நூற்றெண்பது. அதே மாதம் நாங்கள் பீட்சாவுக்குக் கொடுத்தது இதைவிட அதிகம், பில்லைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டேன்.

உரிமையாளருக்கு புதுக் கைப்பிடியின் படம் அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.

அம்மா கிட்டே வந்து, கதவைச் சாத்தாமல், பிடியை நாலு தடவை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டு வெளியிலிருந்து சாத்தினார். "தொற" என்றார். திறந்தேன். "இன்னொருக்கா." திறந்தேன். அதற்குப் பிறகுதான் தான் உள்ளே போனார். காக்குவிடம் கேட்டு மராத்தியில் ஒரு வாக்கியமும் கற்றுக்கொண்டிருக்கிறார். தினசரிக் காலண்டர் அட்டையில் தமிழில் எழுதி ஜன்னலோரம் ஒட்டியிருக்கிறார்: "தார் உகடத் நாஹி." கதவு திறக்கவில்லை.

முக்காலி சமையலறைக்குத் திரும்பிவிட்டது. குளியலறை வாசலில் பேத்தி காவல் மட்டும் இன்னும் தொடர்கிறது. அந்தத் தாழ்ப்பாளும் கொஞ்சம் இறுக்கம்தான். அதை எடுத்துவிட்டு, அவசரத்துக்கு வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கிற மாதிரி ஒன்று போடப்போகிறேன். இந்தத் தடவை அளவெல்லாம் எடுத்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை, மழை பெய்தாலும்.