நிரப்பப்பட்ட எண்களும் மறைந்து நிற்கும் தீர்ப்புகளும்

ஓர் ஆடை பருத்தி வயலிலிருந்து கடையைச் சென்றடையும் வரை சூழலுக்கு இழைக்கும் கேட்டினை எண்ணொன்றினாற் கூறிவிடலாம் என்னும் நம்பிக்கை இன்றைய வணிக உலகில் வேரூன்றியுள்ளது. வழங்கற் சங்கிலியின் சூழற் பாதிப்பினை மதிப்பிடும் மென்பொருள்களே இந்நம்பிக்கையின் கருவிகளாக விளங்குகின்றன. அவற்றினுட் சேர்க்கப்படும் தரவுகள் பற்றிப் பலரும் பேசுகின்றனர். அத்தரவுகளை ஆளும் விதிகள் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. விதி வகுத்தல் கணினி வல்லுநர்க்குரிய நுட்ப விடயம் என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும். இவ்வெண்ணம் தவறானது, அதனால் விளையும் தீங்கும் சிறிதன்று.

எந்தச் சங்கிலியிலும் எல்லாக் கண்ணிகளும் அளக்கப்படுவதில்லை. சாயத் தொழிற்சாலை தனது மின் செலவினைத் தந்திருக்கும். அதற்கு நூல் வழங்கியவர் எதனையும் தந்திருக்கமாட்டார். அவ்விடைவெளியை எதனைக் கொண்டு நிரப்புவது, எவ்வளவு பழைய தரவினை ஏற்பது, எத்துணைச் சிறிய பொருளைக் கணக்கினின்றும் நீக்குவது, ஒரே செய்முறையில் இரு பொருள்கள் விளையுமாயின் சுமையை எவ்வாறு பங்கிடுவது என்பனவற்றையெல்லாம் விதிகளே தீர்மானிக்கின்றன.

பருத்தியினையே எடுத்து நோக்கலாம். பறித்த பருத்தியின் நிறையிற் பெரும்பகுதி விதை. விலையிற் பெரும்பகுதி பஞ்சு. வயலில் இட்ட பசளையின் சுமையை நிறைப்படி பங்கிட்டால் பஞ்சின் குற்றம் குறைகிறது. விலைப்படி பங்கிட்டால் அது பெருகுகிறது. வயலில் ஒரு செடியும் மாறவில்லை. விதி மட்டுமே மாறியது. 2006ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 14044 என்னும் நியமம் இத்தகைய பங்கீட்டை இயன்றவரை தவிர்க்குமாறும், தவிர்க்கவியலாதவிடத்து முதலிற் பௌதிகத் தொடர்பினையும் அடுத்தே விலை போன்ற பிற தொடர்புகளையும் கருதுமாறும் கூறுகின்றது. எனினும் ஒரு குறித்த பொருளுக்கு எது பொருந்தும் என்பதை நியமம் தீர்த்துவைப்பதில்லை. அதனை ஒரு மனிதர் தீர்மானிக்கிறார். தீர்மானித்தபின் அது மென்பொருளினுள் மறைந்துவிடுகிறது.

காலம் பற்றிய விதியும் இத்தகையதே. இலங்கையின் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 2011இல் இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாற் கொள்ளளவினை எய்தியது. அதற்கு முந்திய ஆண்டொன்றின் வெளியேற்றக் காரணியைக் கொண்டு இன்றைய ஆடைத் தொழிற்சாலையொன்றின் மின் பாவனையைக் கணிக்கும் மென்பொருள், நிலக்கரியே எரியாத ஒரு நாட்டைக் கற்பனை செய்கிறது. கூட்டலிலும் பெருக்கலிலும் பிழையிராது. பிழை காலாவதி விதியிலேயே உள்ளது.

இவை ஏட்டளவில் நிற்கும் ஐயங்கள் அல்ல. ஆடைத் துறையிற் பரவலாகக் கையாளப்பட்ட ஹிக் மூலப்பொருட் சுட்டெண்ணை ஆதாரமாகக் கொண்டு ஆடையொன்றைச் சூழலுக்கு உகந்ததென விளம்பரஞ் செய்தல் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் என நோர்வேயின் நுகர்வோர் அதிகாரசபை 2022 யூனில் முடிவு கூறியது. சராசரித் தரவுகள் கடையில் விற்கப்படும் குறித்த ஆடைக்குச் சான்றாகா என்பதே அம்முடிவின் சாரம். பொலியெஸ்ரர் இழையிற் பெரும்பகுதி ஆசியாவில் உற்பத்தியாகையில், அதற்கான தரவுகள் பெரிதும் ஐரோப்பிய உற்பத்தியாளரிடமிருந்து பெறப்பட்டவை எனவும் விமர்சகர் சுட்டிக்காட்டினர். அச்சுட்டெண்ணின் எல்லை மூலப்பொருள் உருவாவதோடு முடிந்தமையால், துவைக்குந்தோறும் உதிரும் நுண்ணிழைகள் அக்கணக்கினுள் வரவில்லை. எல்லையும் ஒரு விதியே.

விதிகளின்றி ஒப்பீடு இல்லை என்றும், சிறிய வழங்குநர் அனைத்தையும் அளக்கவியலாது என்றும் மென்பொருள் ஆக்குவோர் கூறுவர். இவ்விரு கூற்றும் உண்மையே. ஆயின் அவற்றினின்றும் அவர்கள் பெறும் முடிவு பொருந்தாது. தரவு தராதவர்க்குச் சராசரி எண்ணை வைத்தால் மிகுதியாக மாசுபடுத்துபவர் மௌனத்தாற் பயனடைகிறார். உயர்ந்த எண்ணை வைத்தால் அளப்பதற்குப் பணமில்லாத சிறிய தொழிற்சாலை, தூய்மையாக இயங்கினும் தண்டிக்கப்படுகிறது. எதனைத் தெரிந்தாலும் ஒருவர்மீது சுமை ஏறுகிறது. அவ்வாறாயின் அது தீர்ப்பு. தீர்ப்புக்குக் காரணம் கூறுதல் கடமை.

காரணத்தை வெளிப்படுத்துதல் இயலாததும் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு எல்லைக் காபன் சட்டம், மின்சாரம் தவிர்ந்த பண்டங்களுக்கான இயல்பு மதிப்புகளை ஏற்றுமதி செய்யும் நாட்டின் சராசரியோடு ஒரு மிகையையும் சேர்த்து அமைக்குமாறு விதிக்கிறது. அம்மிகை நீதியானதா என வாதிடலாம். வாதிட முடிவதற்குக் காரணம், விதி எல்லோரும் வாசிக்கத்தக்க சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதேயாகும். மென்பொருளினுட் புதைந்த விதியோடு வாதிடுதல் எவர்க்கும் இயலாது.

ஆதலின் விதி முகாமைத்துவத்திற்குக் குறைந்தபட்சம் நான்கு நிபந்தனைகள் வேண்டற்பாலன. அளக்கப்பட்ட எண்ணும் நிரப்பப்பட்ட எண்ணும் இறுதி அறிக்கை வரையும் வேறுபடுத்திக் காட்டப்படல் வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் அதனை வகுத்தவர், திகதி, காரணம், காலாவதி ஆகியன பதியப்படல் வேண்டும். விதி மாறும்போது பழைய முடிவுகளை ஓசையின்றி அழித்தெழுதாது, இரண்டும் அருகருகே வைக்கப்படல் வேண்டும். தன்மீது சுமத்தப்பட்ட எண்ணைப் பார்க்கவும் மறுக்கவும் வழங்குநர்க்கு உரிமை வேண்டும். இவற்றுள் நான்காவதே எதிர்ப்பை மிகுதியாகச் சந்திக்கும். ஏனெனில் அதுவொன்றே அதிகாரத்தைப் பங்கிடுமாறு கேட்கிறது.

கொள்வனவாளர் ஒரு தொழிற்சாலையை விலக்கி மற்றொன்றைத் தெரிவதற்கு இவ்வெண்கள் காரணமாகும் காலத்தில், விதி எழுதுவோர் தம்மைக் கணக்காளர் எனக் கூறி ஒதுங்கிவிட முடியாது. அவர்கள் எழுதுவது பிறருடைய பிழைப்பின்மீது வழங்கப்படும் தீர்ப்பு. கேள்வி கேட்கவியலாத தீர்ப்பினைச் சூழல் நலன் என்ற பெயரால் ஏற்கவேண்டிய கடப்பாடு எவர்க்கும் இல்லை.