தோட்டாவும் தோட்டமும்

சுட்ட தோட்டாக் குப்பியில மறுபடி மருந்து நிரப்புறவங்க ஒரு சின்னக் கருவி வெச்சிருப்பாங்க. பித்தளைக் குப்பியை அளவா வெட்டினதும் வாய் ஓரத்துல பிசிறு நிக்கும். கருவியால உள்பக்கம் ரெண்டு சுத்து, வெளிப்பக்கம் ரெண்டு சுத்து. இதைச் செய்யலேன்னா, குண்டை உள்ளே அழுத்துறப்ப அந்தக் கூர் விளிம்பு குண்டோட செம்புத் தோலைச் சுரண்டிடும். எந்தக் கோணம் நல்லது, எந்த பிராண்ட் நல்லதுன்னு அமெரிக்காக்காரங்க மணிக்கணக்கா சண்டை போடறாங்க.

நம்மூர்ல 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க தனி லைசென்ஸ் வேணும். அதனால தோட்டாவை விட்டுட்டு தோட்டத்துக்கு வாங்க :-) ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் ஆயிரம் அடி போர் போட்டு எடுக்கற தண்ணி, இதே கூர் விளிம்பால மண்ணுக்குள்ள ஒழுகுது.

பிவிசி பைப்பை ஆக்ஸா பிளேடுல அறுக்கறாங்க. பிசிறோட அப்படியே சொல்யூஷனைத் தடவி கப்ளிங்குக்குள்ள சொருகறாங்க. விளிம்பு என்ன பண்ணும்? கப்ளிங் சுவத்துல தடவின சொல்யூஷனை வழிச்சு உள்ளே தள்ளிடும். ஒட்ட வேண்டிய இடம் காய்ஞ்சு கிடக்கும். அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. மோட்டார் போடறதும் நிக்கறதுமா அழுத்தம் ஏறி இறங்க, ஒரு நாள் மரவள்ளிக் காட்டு நடுவுல ஈரம் காட்டும். அப்புறம் கடப்பாரையோட தேடணும்.

ரப்பர் ரிங் பைப்புல இன்னும் மோசம். கம்பெனியில இருந்து வர்ற முனையை ஏற்கெனவே சீவித்தான் அனுப்புவாங்க. நாம நடுவுல அறுத்தா புது முனையை நாமதான் சீவணும். இல்லேன்னா ரிங்கைப் பிதுக்கித் தள்ளிடும். "அதெல்லாம் தேவையில்லைங்க, பத்து வருசமா இப்படித்தான் போடறோம்"னு சொல்ற பிளம்பர்கிட்ட எனக்குக் கோவம்தான் வருது. பத்து வருசமா போட்டதை பத்து வருசமா தோண்டிகிட்டும் இருக்கோமே?

சரி, எதை வாங்கறது? கூம்பு மாதிரி, உள்ளேயும் வெளியேயும் சீவற கருவி அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் வீட்டு லைனுக்கு அருமை. 63, 75, 90 மில்லி தோட்டத்து பைப்பு அதுக்குள்ள நுழையாது. அதுக்கு ஒரு அரை வட்ட அரம் போதும். தட்டைப் பக்கம் வெளி விளிம்புக்கு, வளைஞ்ச பக்கம் உள் விளிம்புக்கு. மெக்கானிக்கல் படிச்சுட்டு சாப்ட்வேர்ல குப்பை கொட்டறவன் சொல்றேன், இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க. கிரைண்டர் வேண்டவே வேண்டாம். சூட்டுல பிவிசி இளகி இழுவிக்கும், தூளும் மூக்குல ஏறும்.

ரொம்பவும் சீவிடாதீங்க. சொல்யூஷன் ஜாயிண்ட்ல சீவின இடம் ஒட்டாது, விளிம்பு மழுங்கினா போதும். ரிங் பைப்புக்கு கம்பெனி முனையைப் பாத்து அதே சரிவு, சுமார் 15 டிகிரி. அரம் போட்ட தூளை உள்ளேயும் வெளியேயும் துணியால துடைச்சுட்டு அப்புறம் சொருகுங்க. இல்லேன்னா அந்தத் தூள் நேரா சொட்டு நீர் பில்டர்ல போய் நிக்கும்.