பெயர் இரண்டு, பொருள் ஒன்று



மாணவர்களின் மூன்றாண்டுக் கட்டுரைகளை இழந்தவன் என்னும் 'தகுதி'யோடு இதனை எழுதுகிறேன்.

என் லினக்ஸ் கணினியின் வன்தட்டில் இடம் குறைவு. ஆகவே, கட்டுரைக் கோப்புகளைப் படியெடுக்காமல், 'காப்புப்படி' என்றொரு கோப்புறையில் ஒவ்வொன்றுக்கும் 'ஹார்டு லிங்க்' எனும் இணைப்பை ஏற்படுத்தினேன். இரு கோப்புறைகளிலும் எல்லாக் கோப்புகளும் முழு அளவோடு தெரிந்தன. வன்தட்டிலோ இடம் குறையவே இல்லை எனலாம். மகிழ்ந்து போனேன். நான் ஐயுற்றிருக்க வேண்டிய இடம் அதுவே! ஒருநாள் வன்தட்டு பழுதானது. இரண்டும் சேர்ந்தே போயின. பின்னர், தன் பாட்டியைப் பற்றி எழுதிய கட்டுரையைக் கேட்டு வந்த பழைய மாணவியை வெறுங்கையோடு அனுப்பினேன்.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. தரவு வன்தட்டில் எங்குள்ளது என்பதை 'ஐநோடு' என்னும் பதிவு வைத்திருக்கிறது. கோப்புறையில் இருப்பவை பெயரும் ஐநோடு எண்ணுமே. ஹார்டு லிங்க் என்பது அதே எண்ணுக்கு இன்னொரு பெயர். வீட்டில் ஒரு பெயரும் பள்ளியில் வேறு பெயரும் கொண்ட பிள்ளை இருவராகிவிடுவதில்லை அல்லவா?

அழித்தாலும் இதே கதைதான். அழிக்கும் கட்டளை பெயரையே நீக்குகிறது. கடைசிப் பெயரும் நீங்கி, எந்தச் செயலியும் அக்கோப்பைத் திறந்து வைத்திராத போதுதான் இடம் விடுபடும். 'எல்எஸ் -எல்' கட்டளையின் பட்டியலில், உரிமைக் குறிகளை அடுத்து வரும் எண்ணே ஒரு கோப்புக்கு எத்தனை பெயர்கள் என்பதைச் சொல்லும்.

இவ்வசதியைக் குறை கூறவில்லை. 2007இல் வெளிவந்த ஆப்பிளின் டைம் மெஷின், மாறாத கோப்புகளை மீண்டும் படியெடுக்காமல் ஹார்டு லிங்க் வழியே இடத்தை மிச்சப்படுத்தியது. ஆனால், அங்கு முதலில் வேறொரு வன்தட்டில் உண்மையான படி இருந்தது. ஹார்டு லிங்க் ஒரு கோப்பு முறைமையைத் தாண்டிச் செல்லாது. ஆதலால் அது ஒருபோதும் காப்புப்படியாகாது.

கணினிப் பாடத்தில் எதை அழுத்துவது என்பதையே சொல்லித் தருகிறோம். அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை இலக்கண வகுப்பில் கற்பிக்கும் நமக்கு இது இயலாததா?

இன்றே உங்கள் பிள்ளைகளின் படைப்புகளை ஒரு விரலியில் படியெடுங்கள். எடுத்த படியைத் திறந்தும் பாருங்கள்.